ரோபோவுக்குக் கை எதுக்கு?

2014 ஆகஸ்ட். அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் கூப்பர்டினோன்னு ஒரு ஊர், ஆப்பிள் கம்பெனி இருக்கிற அதே ஊர். அங்க அலாஃப்ட்னு ஒரு ஹோட்டல்ல புது வேலையாள் ஒண்ணு சேர்ந்துச்சு. மூணு அடி உயரம். பாக்கறதுக்கு அரிசி டிரம்முக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கும்.

ராத்திரி ரூம்ல இருந்து ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, "டூத்பிரஷ் எடுத்துட்டு வர மறந்துட்டேங்க, ஒண்ணு அனுப்புங்க"ன்னு கேக்கறீங்கன்னு வைங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவர் அதோட மூடியைத் திறந்து பிரஷ்ஷை உள்ள போடுவார். ரூம் நம்பரைத் தட்டுவார். அவ்வளவுதான் அவர் வேலை. அது தானா கிளம்பும், லிஃப்ட்டைக் கூப்பிடும், உங்க மாடியில இறங்கும், ரூம் வாசலுக்கு வந்து நின்னு உங்க ரூம் போனுக்கு ரிங் விடும். நீங்க கதவைத் திறந்தா அது மூடியைத் திறக்கும். டிப்ஸ் கிடையாது. அதுக்குப் பதிலா ட்விட்டர்ல ரெண்டு வரி எழுதச் சொல்லி ஹோட்டல்காரங்க கேட்டுக்கிட்டாங்க.

ஒண்ணைக் கவனிச்சீங்களா? பொருளை எடுத்து வச்சது ஒரு ஆள், எடுத்துக்கிட்டது நீங்க. நடுவுல போன ரோபோவுக்குக் கையே கிடையாது. அதைச் செஞ்ச கம்பெனிக்குக் கை செய்யத் தெரியாமலும் இல்ல. இன்னைக்கு நான் பேசப்போறது அந்த இல்லாத கையைப் பத்தித்தான்.

கம்பெனி பேரு சவியோக். 2013ல ஆரம்பிச்சது. அப்போ தலைவரா இருந்தவர் ஸ்டீவ் கசின்ஸ். இவர் அதுக்கு முன்னாடி தலைவரா இருந்த இடம் வில்லோ கராஜ்ங்கிற ரோபோ ஆராய்ச்சிக்கூடம். ரோபோ ஆளுங்க கிட்ட அந்தப் பேரைச் சொன்னா போதும், முகம் மலரும். இன்னைக்கு உலகம் முழுக்க காலேஜ்ல, கம்பெனியில ஓடுற ஆர்.ஓ.எஸ்ங்கிற ரோபோ மென்பொருள் வளர்ந்து பெருசான இடம் அது. அங்க பி.ஆர்.2ன்னு ஒரு ரோபோ பண்ணாங்க. ரெண்டு கை, விலை 4 லட்சம் டாலர். கதவைத் திறக்கும், தானே போய் பிளக்கைச் சொருகி சார்ஜ் ஏத்திக்கும். 2010ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல அதுக்குத் துண்டு மடிக்கக் கத்துக் கொடுத்தாங்க. 50 துண்டு கொடுத்தாங்க, 50ஐயும் சரியா மடிச்சுது. ஆனா ஒரு துண்டுக்குச் சராசரியா 25 நிமிஷம் கிட்ட ஆச்சு!

சிரிக்காதீங்க. ஆராய்ச்சியா பார்த்தா அது பெரிய சாதனை. கசங்கிக் கிடக்கிற துணியில மூலை எதுன்னு கண்டுபிடிக்கிறது சாமானியமான வேலை இல்ல. ஆனா வியாபாரமா பாருங்க. 4 லட்சம் டாலர் போட்டு மணிக்கு ரெண்டு மூணு துண்டு மடிக்கிற ஆளை எந்த ஹோட்டல் வேலைக்கு வைக்கும்? 2014 தொடக்கத்துல வில்லோ கராஜ் கடையை மூடிடுச்சு.

ரெண்டு கை ரோபோவோட வருஷக்கணக்கா புழங்கின மனுஷன், அடுத்த கம்பெனியில கையே இல்லாத ரோபோவை வித்தார். எனக்கு இதுல பெரிய அர்த்தம் இருக்கிறதா படுது. கை இருந்தா மோட்டார் கூடும், விலை கூடும், யார் மேலயாவது பட்டுடுமோங்கிற பயமும் கூடும். அந்த ஹோட்டலுக்குத் தேவை நீண்ட காரிடார்ல ஆள் நடக்கிற நேரம் மிச்சமாகறது மட்டும்தான். எடுத்து வைக்கிற பத்து செகண்ட் வேலைக்கு ரெண்டு பக்கமும் மனுஷங்க ஏற்கனவே நிக்கறாங்க.

இது புது யோசனையும் இல்ல. ஜோசப் எங்கல்பெர்கர்னு ஒருத்தர். 1961ல ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில முதல் தொழிற்சாலை ரோபோவை வேலைக்கு இறக்கினவர். அவரே பின்னாடி ஹெல்ப்மேட்னு ஒண்ணு பண்ணி, 1988ல கனெக்டிகட்ல டான்பரி ஆஸ்பத்திரியில விட்டார். சாப்பாட்டுத் தட்டும் மருந்தும் சுமந்துட்டுப் போகும். அதுக்கும் கை கிடையாது.

சரி, கையை விட்டாச்சு. அப்போ கஷ்டம் எங்க போச்சு? லிஃப்ட்டுக்குள்ள போச்சு. இந்த வீடியோவுல நீங்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா, லிஃப்ட்டை வைங்க.

கை இல்லாததால பட்டனை அமுக்க முடியாது. அதனால லிஃப்ட்டோட கன்ட்ரோலர்ல ஒரு போர்டை இணைக்கணும். ரோபோ வயர்லெஸ்ல "நாலாவது மாடி"ன்னு சொல்லும், போர்டு அதை லிஃப்ட்டுக்குச் சொல்லும். கேக்க எளிசா இருக்கு. ஆனா ஓட்டிஸ் லிஃப்ட் பேசுற பாஷை கோனே லிஃப்ட்டுக்குத் தெரியாது. பழைய லிஃப்ட்டா இருந்தா அதோட கதையே வேற. லிஃப்ட் கம்பெனி சம்மதிக்கணும், அவங்க ஆள் வரணும், அதுக்குத் தனி பில். இதெல்லாம் முடிஞ்சு ரோபோ உள்ள ஏறினா, நாலு பக்கமும் இரும்பு, சிக்னல் போயிடும். கதவு திறந்ததும் இது சரியான மாடிதானான்னு அது தானே உறுதிப்படுத்திக்கணும். உள்ள ஏற்கனவே பெட்டியோட நாலு பேர் நின்னா விட்டுக் கொடுத்து அடுத்ததுக்குக் காத்திருக்கணும். இதெல்லாம் ரோபோ விளம்பரத்துல வராது. ஆனா சேவை ரோபோ கம்பெனியை நடத்துறவரோட நேரத்தைத் தின்னுறது இதுதான்.

ஒரே ஒரு வேலையை மட்டும் செஞ்ச அந்த ஹோட்டல் ரோபோவுக்கு நேரெதிரா ஒரு கதை ஜப்பான்ல நடந்துச்சு. நாகசாகி பக்கம் ஹென் நா ஹோட்டல், 2015ல திறந்தாங்க. ரிசப்ஷன்ல டைனோசர் ரோபோ நிக்கும். கூட்டம் அள்ளுச்சு. ரூமுக்கு ரூம் ஒரு பேசும் பொம்மை. விருந்தாளி குறட்டை விட்டா, அது ஏதோ கேள்வின்னு நினைச்சு, "நீங்க சொன்னது புரியல, திரும்பச் சொல்லுங்க"ன்னு எழுப்பி விடும்! பெட்டி தூக்குற ரோபோவால நூறு ரூமுக்கு மேல இருக்கிற இடத்துல ரெண்டு டஜன் ரூமுக்குத்தான் போக முடிஞ்சுது. மழை வந்தா அதுவும் இல்ல. டைனோசரால பாஸ்போர்ட்டை நகல் எடுக்க முடியாது, அதுக்கு ஒரு ஆள் வரணும். 2019 ஜனவரி வாக்குல 243 ரோபோவுல பாதிக்கு மேல வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. ரோபோவைக் கவனிச்சுக்கவே ஆள் போதலைன்னா அப்புறம் ரோபோ எதுக்கு?

இப்போ தொழிற்சாலைப் பக்கம் வருவோம். வேலிக்குள்ள அடைக்காம, ஆள் பக்கத்துலயே நின்னு வேலை செய்யுற ரோபோவுக்குக் கோபாட்னு பேரு. 1996ல அமெரிக்காவோட நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல பெஷ்கின், கோல்கேட்னு ரெண்டு பேராசிரியர்கள் தொடங்கி வச்ச யோசனை. இந்தச் சந்தையில ரெண்டு கம்பெனி மோதினாங்க. ஒண்ணு பாஸ்டன்ல ரீதிங்க் ரோபாட்டிக்ஸ். அவங்களோட பாக்ஸ்டருக்கு ரெண்டு கை, திரையில கண்ணு, புருவம் எல்லாம் உண்டு. 2012ல வந்தப்போ எல்லாப் பத்திரிகையிலயும் அதுதான். இன்னொண்ணு டென்மார்க்ல யுனிவர்சல் ரோபாட்ஸ். அவங்க கிட்ட இருந்தது வெறும் ஒத்தைக் கை. முகமும் இல்ல, பேரும் ஏதோ பாகத்து நம்பர் மாதிரி யு.ஆர்.5.

பாக்ஸ்டரோட மூட்டுக்குள்ள ஸ்பிரிங் வச்சிருந்தாங்க, இடிச்சாலும் வலிக்காம இருக்கணும்னு. நல்ல எண்ணம்தான். ஆனா அந்த ஸ்பிரிங்கால கை துல்லியமா ஒரே இடத்துல போய் நிக்காது. தொழிற்சாலைக்காரருக்குப் புருவம் வேண்டாம், தினமும் அதே புள்ளியில வந்து நிக்கிற கைதான் வேணும். 2015ல யுனிவர்சல் ரோபாட்ஸை டெராடைன்னு ஒரு கம்பெனி 285 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு. ரீதிங்க் 2018 அக்டோபர்ல மூடப்பட்டுச்சு.

"பக்கத்துல நிக்கலாம்னு யார் சொன்னா, இடிச்சா என்ன ஆகும்?"னு நீங்க கேக்கலாம். அதுக்கு 2016ல சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓவோட ஆவணம் ஒண்ணு வந்துச்சு. அதுக்கு அடிப்படையா ஜெர்மனியோட மைன்ஸ் பல்கலைக்கழகத்துல 100 பேரை உட்கார வச்சு, உடம்புல 29 இடத்துல மெதுமெதுவா அழுத்தி, எப்போ வலிக்க ஆரம்பிக்குதுன்னு அளந்தாங்க. அதுல இருந்து வந்த கணக்குப்படி, கை, விரல் பக்கம் நசுக்குற மாதிரி அழுத்தினா 140 நியூட்டன் வரைக்கும்தான், அதாவது 14 கிலோ எடை வச்ச மாதிரி. முகத்துல படவே கூடாது. ஆனா சாதுவான கையில கத்தியைக் கொடுத்தா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அதனால பாதுகாப்பான ரோபோன்னு தனியா ஒண்ணு கிடையாது. அதை வச்சு என்ன வேலை வாங்குறோம்ங்கிறதுதான் பாதுகாப்பா இருக்கணும்.

அப்போ கை வேண்டவே வேண்டாமா? அப்படி இல்ல. டெக்சஸ்ல டிலிஜென்ட் ரோபாட்டிக்ஸ்னு ஒரு கம்பெனி, ஆண்ட்ரியா தாமஸ் இன்னொருத்தரோட சேர்ந்து ஆரம்பிச்சது. அவங்க மாக்ஸி ரோபோ ஆஸ்பத்திரியில மருந்தும் ரத்த மாதிரியும் கொண்டு போகும். அதுக்கு ஒரு கை இருக்கு. அந்தக் கையால கதவுல கார்டைக் காட்டும், லிஃப்ட் பட்டனை அமுக்கும். அதாவது லிஃப்ட்ல வயர் இழுக்கிற தலைவலியை ஒரு கையை வச்சுத் தீர்த்துட்டாங்க. காரணத்தோட வந்த கை!

மனுஷ உருவ ரோபோவையும் இதே கண்ணால பாருங்க. 2024ல ஜார்ஜியா மாகாணத்துல ஒரு துணிக் கிடங்குல அஜிலிட்டி கம்பெனியோட டிஜிட் ரோபோ கூலிக்கு வந்துச்சு, பெட்டி தூக்க. ரெண்டு காலால நடக்கும். ஆனா ஆளுங்களோட கலந்து இல்ல, தனியா ஒதுக்கின இடத்துல. காரணம் எளிமையானது. சக்கர ரோபோவுல அவசரத்துக்கு நிறுத்துற சிவப்பு பட்டனை அமுக்கினா அது நிக்கும். ரெண்டு கால் ரோபோவுல அதே பட்டனை அமுக்கினா அது விழும், பக்கத்துல இருக்கிறவர் மேல. சமநிலை பிடிச்சு நிக்கிற ரோபோக்களுக்கான பாதுகாப்பு விதிகளை ஐ.எஸ்.ஓ தனியா எழுதிட்டு இருக்கு. அது முடியுற வரைக்கும் வேலி இருக்கத்தான் செய்யும்.

உங்க ஆஸ்பத்திரிக்கோ கம்பெனிக்கோ யாராவது ரோபோ விக்க வந்தா, ஆடிக் காட்டச் சொல்லாதீங்க. லிஃப்ட்டுக்கு வயர் இழுக்கிற பில் யாரு தலையில? ராத்திரி ரெண்டு மணிக்கு நடு காரிடார்ல நின்னுட்டா யாரைக் கூப்பிடணும்? வார்டு ஆயாம்மா அதை ஒதுக்கித் தள்ளி விடலாமா, கூடாதா? இந்த மூணுக்கும் பதிலை எழுதி வாங்குங்க.