கொக்கலையிலிருந்து சென்ற விமானம்

கொலன்னாவையிலே வரிசையாய் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைக் கொழும்புவாசிகள் நன்கு அறிவர். துறைமுகத்தில் வந்திறங்கும் எண்ணெய், குழாய் வழியே அங்கு சேர்ந்து, பின்னர் நாடெங்கும் செல்கின்றது. இன்று அவற்றைக் கடந்து செல்வோர் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் 1942 ஆம் ஆண்டிலே அவற்றை எண்ணிக் கவலையுற்றோர் பலர். அவ்வாண்டு பெப்ருவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. அடுத்த இலக்கு இலங்கையே என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். எண்ணெய் எரிந்து போனால் போர்க்கப்பல்கள் எதைக் கொண்டு ஓடும்?

ஏப்ரில் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, காலை ஏழரை மணியளவில் எதிரி விமானங்கள் சுமார் 125 கொழும்பின்மேல் வந்தன. எனினும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிற் பல அதற்கு முன்னரே வெளியேறிவிட்டன. முந்திய நாள் மாலை ஒரு விமானம் அனுப்பிய கம்பியில்லாத் தந்திச் செய்தியே அதற்குக் காரணம். அச்செய்தியை அனுப்பிய ஒன்பது பேருக்கு நேர்ந்த கதியையே இங்கு கூற எண்ணுகின்றோம்.

காலிக்கு அப்பால், கடலோரத்தில், கொக்கலை வாவி உளது. யுத்த காலத்தில் அவ்வூர் மக்களை வெளியேற்றிவிட்டு, நீரிலே இறங்கும் விமானங்களுக்கு அங்கு ஒரு தளம் அமைத்தனர். வீடுகள் தகர்க்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு தப்பியது. கனடிய விமானப்படையின் 413 ஆவது அணி ஸ்கொத்லாந்தின் வடகோடியிலுள்ள செற்லாந்துத் தீவிலிருந்து இத்தளத்துக்கு அனுப்பப்பட்டது. குளிர்க் கடலிலே ரோந்து சென்றவர்களுக்கு இந்த வெயிலும் தென்னையும் எப்படி இருந்தனவோ! அனுபவிக்கத்தான் அவகாசம் இருக்கவில்லை. அணித்தலைவர்களுள் ஒருவரான லெனாட் பேர்ச்சல் ஏப்ரில் 2 ஆம் திகதி கொக்கலையில் இறங்கினார். 4 ஆம் திகதி விடியுமுன் மீண்டும் பறக்க வேண்டியதாயிற்று.

அவர் ஓட்டியது கற்றலீனா என்னும் இரட்டை இயந்திர விமானம். குண்டு சுமக்க வல்லதாயினும், நெடுநேரம் வானிலே நின்று வேவு பார்ப்பதே அதன் முதற் பணி. ஒரு நாள் முழுவதுங்கூடப் பறக்கும். வேகமோ மிகக் குறைவு. போர் விமானங்கள் கண்டுவிட்டால் தப்ப வழியில்லை. ஒன்பது பேருள் பேர்ச்சலும் வழிகாட்டியும் கனடியர். ஏனையோர் பிரித்தானிய விமானப்படையினர்.

பகல் முழுவதும் வெறுங்கடலே தெரிந்தது. திரும்பும் வேளையும் வந்தது. தமது இருப்பிடத்தைத் திருத்தமாய்க் கணிக்கும் பொருட்டு இன்னுஞ் சிறிது நேரம் சுற்றியபோது, தெற்குத் தொடுவானிலே ஒரு புள்ளி தெரிந்தது. அணுகிப் பார்த்தனர். ஒன்றல்ல, ஒரு பெரும் படை! அட்மிரல் நகுமோவின் கப்பற்படை அது. முந்திய டிசெம்பரிற் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 350 மைல் தூரத்தில் அவை வந்துகொண்டிருந்தன.

கண்டவுடன் திரும்பி ஓடியிருக்கலாம். அதனால் உயிர் தப்பியிருக்குமோ என்பது வேறு விஷயம். எண்ணிக்கையும் திசையும் இல்லாத செய்தியால் யாருக்குப் பயன்? ஆகவே நெருங்கி எண்ணினர். செய்தி பறந்தது. ஒருமுறை அனுப்பியதைத் திரும்பவும் அனுப்புவது வழக்கம். அவ்வாறு அனுப்பிக்கொண்டிருக்கையிலே சீரோ விமானங்களின் சூடு பட்டு வானொலிக் கருவி சிதறியது. எண்ணெய்த் தொட்டி தீப்பற்றியது. எரியும் விமானத்தைப் பேர்ச்சல் எவ்வாறோ கடலில் இறக்கினார்.

காலிழந்த ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நீரில் மிதந்தோரை நோக்கியும் சூடு தொடர்ந்தது. மற்றவர்கள் நீருள் மூழ்கி மூழ்கித் தப்பினர். உணர்விழந்து மிதவைச் சட்டையிலே கிடந்த இருவரால் மூழ்க முடியவில்லை; அவ்விருவரும் மாண்டனர். எஞ்சிய அறுவரை இசோகாஸே என்னும் நாசகாரிக் கப்பல் பொறுக்கி எடுத்தது.

செய்தி அனுப்பினீர்களா என்பதே கப்பலிற் கேட்கப்பட்ட கேள்வி. இல்லை என்றனர், அடி விழுந்தது. அவர்களின் மறுப்பை நம்பத் தொடங்கிய வேளையிலே, செய்தியை மீண்டும் அனுப்புமாறு கொழும்பு கேட்டது ஜப்பானியரின் காதில் விழுந்துவிட்டதாம். பேர்ச்சலே பின்னாளிற் சொன்ன வரலாறு இது. அதன் பின் அடி இரட்டித்தது.

அந்தச் செய்தியாற் கொழும்பு எவ்வளவு பயனடைந்தது? ஜப்பானியர் வரக்கூடும் என்று கடற்படைத் தலைமை ஏற்கெனவே அறிந்திருந்தது என்பதையும் சொல்லுதல் நியாயம். கப்பல்கள் கலைந்தன, அது பெரும் பயன். ஆயின் மறுநாட் காலை எதிரி நெருங்குவது இரத்மலானை விமானத்தளத்துக்கு உரிய நேரத்தில் அறிவிக்கப்படவில்லை. குண்டு விழும் வேளையிலேதான் அங்குள்ள போர் விமானங்கள் எழும்பின. ஒன்பது பேர் உயிரைப் பணயம் வைத்து அனுப்பிய எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வாறு நேர்ந்தது. துறைமுகத்தில் ஹெக்டர், டெனிடோஸ் என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. கொலன்னாவைத் தாங்கிகள் தப்பின. அவையென மயங்கியே அயலிலுள்ள அங்கொடை மனநோய் வைத்தியசாலைமேற் குண்டு போட்டனர் என்பர். நோயாளிகள் செய்த குற்றம் யாது? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசித்த தமிழ்க் குடும்பங்கள் பல அதன் பின் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறின.

எச்சரிக்கை கேட்டுக் கொழும்பை விட்டு வெளியேறிய டோர்செற்ஷயர், கோர்ண்வால் என்னும் குரூசர்கள் இரண்டும் அன்று பிற்பகலே நடுக்கடலில் அழிந்தன. 424 பேர் மாண்டனர். ஏப்ரில் 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டபோது, அதே 413 ஆவது அணியின் இன்னொரு கற்றலீனா பகைவரைக் கண்டு செய்தி அனுப்பியது. அதிற் சென்ற ஒருவரும் திரும்பவில்லை. அன்றைய தினம் கொழும்புக் குதிரைப் பந்தயத்திடலிலிருந்து சென்ற 11 ஆவது அணியின் பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது நகுமோவின் கப்பல்களைத் தாக்கின. குண்டுகள் அகாகி கப்பலின் அருகே கடலில் விழுந்தன. ஐந்து விமானங்கள் வீழ்ந்தன. ஒவ்வொன்றிலும் மூவர்.

பேர்ச்சலுடன் சிறைப்பட்ட அறுவரும் உயிருடன் மீண்டனர் என்பது ஓர் ஆறுதல். மூன்றாண்டுக்கு மேல் ஜப்பானிய முகாம்களில் அவர்கள் வாடினர். நோயாளிகளை வேலைக்குத் துரத்திய காவலனைப் பேர்ச்சல் அடித்தார். வேலையை நிறுத்துமாறு கைதிகளை ஏவினார். அதற்கான தண்டனையையும் ஏற்றார். அவர் மறைத்து வைத்த நாட்குறிப்புகள் யுத்தக் குற்ற விசாரணையிற் சாட்சியமாயின. 1945 ஆகஸ்டில் விடுதலை கிடைத்தது.

யுத்தத்தின் பின் வாஷிங்டனில் நடந்த ஒரு விருந்திலே, ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதாய்க் கேட்ட கணமே தமக்கு மிகவும் அச்சமூட்டிய கணம் என்றாராம் சேர்ச்சில். அச்செய்தியை அனுப்பிய விமானி கடலுக்கு இரையாகிவிட்டான் என்றே அவர் எண்ணியிருந்தார். இல்லை, இதே நகரில் எங்கள் தூதரகத்திலே வேலை பார்க்கிறார் என்று கனடியத் தூதர் லெஸ்டர் பியர்சன் சொன்னதும் அவர் வியந்தாராம்.

"இலங்கையின் இரட்சகர்" என்று உலகம் அழைத்த பேர்ச்சல் 2004 ஆம் ஆண்டு, தமது 89 ஆவது வயதிற் காலமானார். அவரது விமானத்தில் மாண்ட மூவருக்குக் கல்லறை இல்லை. இக்கடற்பரப்பில் மறைந்த விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரிலுள்ள கிராஞ்சி நினைவகத்துச் சுவர்களிலே, இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களிடையே பொறிக்கப்பட்டுள்ளன.