"ஸ்நாபு"வால் வந்த வினை!
போட்ட திட்டம் புஸ்வாணம் ஆனால் நாம் "ஊத்திக்கிச்சு" என்போம். அமெரிக்கர்கள் "ஸ்நாபு" என்பார்கள்.

இது 2-ம் உலகப்போர் சிப்பாய்களின் பாஷை. 5 ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துக்களை ஒட்டியது. "நிலைமை வழக்கம்போல்தான், எல்லாமே நாசம்" என்று அர்த்தம். அதில் 4-வது வார்த்தை பச்சையான கெட்ட வார்த்தை. அச்சில் அதை நாசூக்காக மாற்றிப் போட்டார்கள்!

மேலிடம் கோபப்பட்டதா? அதுதான் இல்லை. 1943-ல் ராணுவமே "ஸ்நாபு" என்ற அசட்டு சிப்பாயை வைத்து கார்ட்டூன் படங்கள் எடுக்கச் சொன்னது. படைவீரர்களுக்கு மட்டும் காட்டினார்கள்.

ஒரு படத்தில் ஆசாமி குடித்துவிட்டு, கப்பல் புறப்படும் ரகசியத்தை ஒரு அழகியிடம் உளறுகிறான். அவள் எதிரியின் உளவாளி! நடுக்கடலில் நீர்மூழ்கிகள் காத்திருக்கின்றன. ஆசாமி நேராக நரகத்துக்குப் போகிறான். அங்கே வரவேற்பது யார் தெரியுமா? ஹிட்லர்!