மான் மந்தையும் நெல் மூட்டையும்

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே வியாபாரி மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதில்லை. குத்தூசியைச் செருகி, வந்த ஒரு பிடி நெல்லைப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடுவார். காட்டு மான்களைக் கொல்லும் ஒரு மூளை நோயையும் ஏறக்குறைய இப்படித்தான் கண்காணிக்கிறார்கள்.

அது நாட்பட்ட மெலிவு நோய். 1967-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்டது. நோயுற்ற மான் மெலியும், எச்சில் ஒழுகும், தள்ளாடும், முடிவில் இறந்துவிடும். மருந்து இல்லை. காரணம் பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. மடிப்பு மாறிப்போன ஒரு புரதம்! 1982-இல் ஸ்டான்லி புரூசினர் இதற்குப் 'பிரியான்' என்று பெயரிட்டார். 1997-இல் நோபல் பரிசு பெற்றார். இப்புரதம் அருகிலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது. மூளை கடற்பஞ்சுபோல் துளைபடுகிறது. எச்சில், சிறுநீர், புழுக்கை வழியே மண்ணில் சேர்ந்தால், பிரியான் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கும்.

நோய் தொற்றிய மான் ஓராண்டுக்கு மேலும் நலமாகவே தோன்றலாம். ஆகவே, வேட்டையாடப்பட்ட மான்கள், சாலையில் அடிபட்ட மான்கள் ஆகியவற்றின் தொண்டை நிணநீர்க் கணுவையும் மூளைத்தண்டையும் சோதிக்கிறார்கள்.

எத்தனை மான்களைச் சோதிப்பது? பெரிய மந்தை ஒன்றில் நூற்றுக்கு ஒரு மானுக்கு நோய் என்று கொள்வோம். ஒரு மானை எடுத்தால் அது நோயற்றதாக இருக்கும் வாய்ப்பு 0.99. இரண்டும் நோயற்றவையாக இருக்கும் வாய்ப்பு 0.99 × 0.99. இப்படி 300 மான்களுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 0.05 வரும். அதாவது, நோய் நமக்கு அகப்படாமல் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் மான்களை மந்தை முழுவதிலிருந்தும் எடுக்க வேண்டும். மூட்டையின் வாயில் மட்டும் குத்திப் பார்க்கும் வியாபாரி ஏமாறுவார் அல்லவா?

2016-இல் நார்வே நாட்டின் நூர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியில், ஒரு காட்டுக் கலைமானிடம் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதுவே முதல் முறை. பரவலைத் தடுக்க, 2018-க்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கலைமான்கள் கொண்ட அந்த மந்தை முழுவதையும் கொன்றார்கள். சோதித்ததில் நோய் இருந்தவை 19 மட்டுமே! சோதனை தொடர்ந்தது. 2020-இல், அருகிலுள்ள ஹார்டாங்கர்விட்டாவில் வேட்டையாடப்பட்ட ஒரு கலைமானிடமும் நோய் தெரிந்தது.

நம் நாட்டு மான்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டதில்லை. ஆனால் கனடாவிலிருந்து இறக்குமதி செய்த மான்களோடு தென்கொரியாவுக்குள் அது நுழைந்ததை மறக்கலாகாது. 'காணப்படவில்லை' என்று ஒருவர் சொன்னால், 'எத்தனை மான்களைச் சோதித்தீர்கள்?' என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு: நூற்றுக்கு இரண்டு மான்களுக்கு நோய் இருந்தால், அதே உறுதிக்கு எத்தனை மான்களைச் சோதிக்க வேண்டும்? பெருக்கிப் பாருங்கள்.