கெண்டை நிறைந்த ஏரியில் தூண்டில் ஏன் தோற்கிறது?

ஏரியில் மீன் நிறைய இருந்தால் தூண்டிலிலும் நிறைய விழும் என்று நினைப்பது இயல்பு. சாதாக்கெண்டையிடம் அந்தக் கணக்கு பலிப்பதில்லை. 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன்தான் இங்கிலாந்துத் தூண்டில்காரர்களின் செல்லமீன்; பிடித்து எடைபார்த்து, மறுபடி நீரிலேயே விட்டுவிடுவது அங்கே வழக்கம். இதன் தாடையில் பல் கிடையாது. வாயைக் குழலாக நீட்டிச் சேற்றோடு இரையை உறிஞ்சும். உள்ளேயே சுவை பார்த்து, மண்ணையும் குப்பையையும் துப்பிவிடும். நத்தை ஓட்டைத் தொண்டையிலுள்ள பற்களால் நொறுக்கும். மாவுக்குள் முள்ளை ஒளித்துவைத்தால் அதுவும் குப்பையோடு குப்பையாக வெளியே வந்துவிடும். தக்கை அசையக்கூட அசையாது.

இந்தப் பழக்கத்தையே மீனுக்கு எதிராகத் திருப்பியது 1980-ஐ ஒட்டி இங்கிலாந்துத் தூண்டில்காரர்களான லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் உருவாக்கிய 'ஹேர் ரிக்'. இதில் முள் வெறுமையாகவே இருக்கும்; இரை உருண்டை மட்டும் மெல்லிய இழையில் முள்ளுக்குக் கீழே தொங்கும். இரையை உறிஞ்சும்போது முள்ளும் கூடவே உள்ளே போகிறது. துப்பும்போது உதட்டில் தைக்கிறது. மிரண்டு ஓடும் மீனை ஈயக்குண்டின் கனம் இழுத்துப்பிடிக்க, முள் இன்னும் ஆழமாக இறங்குகிறது. ஏரியில் ஒரு மீனும் கூடவில்லை. மாறியது முள்ளைக் கட்டும் விதம் மட்டுமே.

மீன் நெருக்கமானால் இரைக்குப் போட்டி வரும், பசியில் எச்சரிக்கை குறையும் என்று வாதிடலாம். அது உண்மைதான்; புதிதாக மீன் விட்ட ஏரியில் அது நன்றாகவே தெரியும். ஆனால் அந்தத் துணிச்சல் நீடிப்பதில்லை. நெதர்லாந்தின் குளங்களில் ஆய்வாளர் பெய்கெமா நடத்தி 1970-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒருமுறை முள்ளில் மாட்டி விடுபட்ட கெண்டைகள் அதன்பின் வெகுநாள் தூண்டிலில் எளிதாக மாட்டவில்லை. மீனுக்கு நினைவே கிடையாது என்பவர்களுக்கு இதுவே பதில். கெண்டையின் ஆயுளும் நீண்டது: இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 1952-இல் தூண்டில்காரர் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த 20 கிலோக் கெண்டை, லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1971 வரை வாழ்ந்தது. பிடித்துப் பிடித்து விடும் ஏரியில் காலம் போகப் போக அனுபவப்பட்ட மீன்களே மிகுகின்றன. அங்கே மேலும் மேலும் குஞ்சு விடுவதால் மட்டும் தூண்டில்காரருக்குப் பலன் இல்லை. அந்த மீன் எதை, எப்படித் தின்கிறது என்று படிப்பதே பலன் தரும்.