உடையும் நடையும்: தோட்டப்புறம் கண்ட வரலாறு

ஒருவர் உடுத்தும் முறையும் பிறரோடு பழகும் முறையும் அவருக்கே உரியனவாய் அமைய வேண்டும் என்று அறிஞர் பலரும் கூறுவர். கூறுவது எளிது. ஆனால் எதை உடுத்துவது, எப்படி நடப்பது என்பதற்கே பிறர் இசைவு வேண்டியிருந்த மக்களிடையே, தனக்கென ஒரு பாங்கு எவ்வாறு தோன்றும்? கோல சிலாங்கூரிலும் அதன் வடக்கே உள்ள தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழரின் கதை இவ்வினாவிற்குக் கடையில் கிடைக்காத விடையொன்றை அளிக்கிறது.

தாயகத்திலிருந்தே தொடங்குதல் தகும். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நெடுங்காலம் போராடி, 1859இல் அரச அறிக்கையின் வாயிலாக அதனைப் பெற்றனர். அப்போதும், உயர்குலப் பெண்டிர் உடுத்துவதைப் போல உடுத்தலாகாது என்ற ஒட்டு ஒன்று அதில் இருந்தது! 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டதை ஆய்வாளர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை உடுத்தலாகாது, சட்டையோ பனியனோ கூடாது, கிராப்பு வெட்டிக்கொள்ளலாகாது, குடையும் செருப்பும் ஆகா, பெண்கள் பூச்சூடலாகாது. ஒரு மனிதனைத் தாழ்த்தி வைக்க நினைப்போர் முதலில் அவன் துணியின் மீதுதான் கை வைக்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய ஊர்களிலிருந்துதான் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள் கொணர்வது, இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை நடந்தது. கடலைக் கடந்ததால் சட்டை கிடைத்தது, கிராப்பும் கிடைத்தது. ஆயினும் பழைய பணிவு வேறு வடிவில் லயத்து வாசலில் வந்து நின்றது. துரையோ, கிராணியோ எதிர்ப்பட்டால், சைக்கிளில் செல்லும் தொழிலாளி இறங்கி நின்று வழிவிட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கமாயிற்று. தொழிலாளி ஒருவன் மிச்சம் பிடித்து வாங்கிய முதல் பெரிய பொருள் பெரும்பாலும் சைக்கிளாகவே இருக்கும். அதில் ஏறி அமர்ந்ததும் அவன் உயரம் சற்றே கூடுகிறது. அந்த உயரம்தான் பிறர் கண்ணை உறுத்தியது போலும்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. முன்னின்று நடத்தியவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றிய ஆர். எச். நாதன். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் முதலியன இருந்தன. அவற்றோடு ஒரே வரிசையில், துரைமார் முன்னும் அலுவலர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்கப்பட்டது. வயிற்றுப் பாட்டுக்குப் போராடுபவர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று அக்காலத்தில் நகைத்தவர் உண்டெனில், அவர்கள் கூலியின் பொருளையும் அறியாதவர்களே. மே மாதத்தில் நாதன் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிர் துறந்தனர்.

அந்நாளில் தொழிலாளர் பலர் காந்தித் தொப்பி அணிந்தனர். இதில் வியப்பொன்று உண்டு. காந்தியடிகளோ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொப்பியைத் துறந்துவிட்டார். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில், கதர் வாங்க வழியில்லாத ஏழைகளைக் கண்டு, சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்கால் அளவு வேட்டியை ஏற்றார். துறந்தவர், துறப்பதற்கு வேண்டியதைப் பெற்றிருந்தவர். தோட்டத் தொழிலாளியின் பாட்டனோ வேறு துணியின்றியே கோவணத்தோடு இருந்தவன். ஆகவே அவன் பேரனுக்குத் தொப்பி வேண்டியிருந்தது. 1927ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் மகாட் மாநாட்டில் பெண்களை நோக்கி, இழிவின் அடையாளமாக விளங்கும் உடுப்பையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிட்டு, மற்றப் பெண்களைப் போலவே சேலை உடுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் குறைத்தார், மற்றவர் கூட்டச் சொன்னார். இரண்டுமே உள்ளத்திலிருந்து வந்த உடை. 1943இல் ஜான்சிராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் சேலையை மடித்து வைத்துவிட்டுக் காற்சட்டை அணிந்ததும் அவ்வகையே.

உள்ளத்திலிருந்து வராத உடையும் உண்டு. 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகளில், தொழிலாளர் குலப் பெண்களிடம் வெள்ளையரும் 'கறுப்பு வெள்ளையரும்' தகாது நடப்பதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்கப்பட்டது. அந்தச் சொல்லில் எத்துணைக் கசப்பு! நம்மவராகவே பிறந்து, துரையின் காற்சட்டையோடு அவருடைய அதட்டலையும் சேர்த்து உடுத்திக்கொண்ட அலுவலரையே அது குறித்தது. காற்சட்டையில் குற்றமில்லை. உடையோடு உடன்வந்த நடையில்தான் குற்றம். இன்று துரையில்லை, ஆயினும் மேலதிகாரியைப் பார்த்துக் கீழுள்ளாரிடம் பேசக் கற்பவர் அருகிவிடவில்லை.

வேலை உடைக்கு வருவோம். கித்தாப் பால் துணியில் தெறித்துக் காய்ந்தால் ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும். எத்துணை துவைத்தாலும் போகாது. ஆகவே பால்வெட்டுக்கென ஒரு துணி, மற்றவற்றுக்கென ஒரு துணி. வைகறையில், குளிர்ச்சியில், மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கையில்தான் பால் நன்கு ஊறும். அவ்வேளை கொசுவுக்கும் உகந்த வேளை. ஆகவேதான் பெண்கள் கைலியின்மேல் நீளக்கைச் சட்டை போட்டுத் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டினர். செம்பனை வந்த பிறகு முட்களுக்காகக் கையுறையும் விழும் குலைகளுக்காகத் தலைக்கவசமும் வந்தன. இவற்றை வகுத்தவர் எந்தத் தையற்கலைஞரும் அல்லர். காடும் கைவேலையுமே வகுத்தன. சாயம் படிந்த இவ்வுடையை மட்டும் கண்டு, தோட்டத்து மக்கள் தூய்மை அறியார் என்று நகரத்தார் சொல்வதுண்டு. கோயில் திருவிழா நாளில் லயத்து வாசலில் நின்றிருந்தால், கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியும் மடிப்புக் குலையாத சேலையும் அவர்களுக்கு விடை சொல்லியிருக்கும்.

தோட்டப் பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது இவ்விழிசொல்லின் நிழல் உடன்செல்கிறது. வெள்ளைச் சட்டை எல்லாரையும் ஒன்றாக்கும். ஆனால் தாய் பால்வாளியோடு வாயிலில் வந்து நின்றால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடும். இங்கேதான் ஆசிரியர் வருகிறார். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததால் பிறந்தவை பல தமிழ்ப்பள்ளிகள். அங்கே பாடநூலைவிட முன்னதாகப் பிள்ளை படிப்பது ஆசிரியரைத்தான். கறைபடிந்த உடையோடு வந்த தாயை 'வாங்கம்மா, உட்காருங்க' என்று அவர் நாற்காலியைக் காட்டினால், பிள்ளை தன் தாயின் உடையை அன்றுமுதல் வேறு கண்ணால் பார்க்கும். பயிற்சிக் கல்லூரிகளில் ஆசிரியரின் உடை பற்றி நிறையக் கூறப்படுகிறது. நாற்காலி பற்றி அத்துணை கூறப்படுவதில்லை.

தனக்குரியது என்றால் கலப்பற்றது என்று பொருளாகாது. அடுத்த கம்பத்து மலாய்க்காரரிடமிருந்து தோட்டத் தமிழர் பெற்றவை பல. சுட்டுவிரலை நீட்டாமல், மடக்கிய கையின் பெருவிரலால் வழி காட்டுவது ஒன்று. பெரியவர் அமர்ந்திருக்கும்போது வலக்கையைச் சற்றுத் தாழ்த்திக் குனிந்து முன்னால் கடப்பது இன்னொன்று. இவற்றை எவரும் சட்டமிட்டுத் திணிக்கவில்லை. எவரும் எவருக்கும் அஞ்சிச் செய்யவுமில்லை. புக்கிட் ரோத்தானிலோ ஜெராமிலோ வழி கேட்கும் அயலூராருக்குத் தமிழ்ச் சிறுவன் பெருவிரலைத்தான் நீட்டுவான். அது இரவல் என்று சொன்னால் அவனுக்கு விளங்காது.