'முன்' என்ற ஒரு சொல்

ஜெர்மனியின் வடக்கே குரோஸ் பம்பாவ் என்ற சிற்றூரின் சரளைக் குழியில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஆண்டுப் பழமையான திமிங்கில எலும்புகள் கிடைத்தன. அவற்றில், பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடு கொண்ட வகை ஒன்றுக்கு 1995இல் குந்தர் பேர்மான் 'ப்ரேமெகாப்டெரா பம்பாவென்சிஸ்' என்று பெயர் வைத்தார்.

பின்பாதி ஊர்ப்பெயர், அதில் வம்பில்லை. எனக்கு உறுத்துவது முன்பாதி. மெகாப்டெரா என்பது இன்றுள்ள கூன்முதுகுத் திமிங்கிலம். 'ப்ரே' என்றால் முன். பெயரே வம்சாவளி சொல்லிவிடுகிறது. நம் சங்கப்பாடல்களைத் தொகுத்தவர்கள், புலவர் பெயர் தெரியாதபோது பாட்டின் உவமையை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றார்களே தவிர, அவர் யாருக்குப் பாட்டன் என்று சொல்லவில்லை.

புதைபடிவத்தில் உறவைத் தேடப் பெரும்பாலும் மண்டையோடும் காதெலும்பும்தான் கைகொடுக்கும். உயிரோடிருப்பவற்றுக்கு மரபணு உண்டு. 2018இல் பிராங்க்பர்ட்டின் ஸென்கென்பெர்க் ஆய்வாளர்கள் பங்கேற்ற மரபணு ஆய்வில், கூன்முதுகு தனிக் கிளையாக நிற்கவில்லை. பலேனாப்டெரா பேரினத்து இனங்களுக்கு நடுவே, துடுப்புத் திமிங்கிலத்தின் பக்கத்தில் போய் நின்றது. பேரனின் இடமே மாறினால் பாட்டன் எங்கே போவார்?

ஆனாலும் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் விலங்கியல் விதிகள் ஒரு பெயரைத் தள்ளுவதில்லை. பசிலோசாரஸ் என்றால் அரசப் பல்லி. அதுவும் திமிங்கிலம்தான்.