திரையில் ஒரு கொலை, மனதில் ஒரு சந்தேகம்



இஷாத் தொழுகை முடிந்து பதுளை நகரின் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியின் வெளிச்சம் ஜன்னலில் தெரியும். பசறை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலும் அதே நிலைதான். லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டனாக்கள் வரிசையாக நிற்கின்றன. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஆரம்பித்த காலத்தில், ஒரு வீட்டுப் பெட்டியைச் சுற்றி அயலவர் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். இன்று கைத்தொலைபேசியிலும் நாடகம் ஓடுகிறது.

"இந்தக் கொலை நாடகங்களைப் பார்க்கலாமா?" என்று சில தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அவை நம்மை ஏன் எழுந்து போக விடுவதில்லை?

முதற் காரணம், கதையைக் கட்டும் முறை. சாதாரணக் கதை தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போகும். துப்பறியும் கதையோ முடிவில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கும். முதலில் பிரேதம் கிடைக்கும். பிறகுதான் யார், ஏன் என்ற கேள்விகள். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் முன்னால் ஒரு முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சு அவிழும் வரை அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் நமக்குத் தெரியாது!

இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. 1971இல் அமெரிக்காவில் தொடராக வரத் தொடங்கிய 'கொலம்போ'வில், கொலைகாரனை முதலிலேயே காட்டிவிடுவார்கள். அவன் எப்படி அகப்படுவான் என்பதே கதை. 1990இல் தொடங்கிய 'லோ அண்ட் ஓடர்' முதற்பாதியில் பொலிஸ் விசாரணையையும் பிற்பாதியில் நீதிமன்றத்தையும் காட்டியது. பிடிபட்டவனெல்லாம் குற்றவாளி அல்லன் என்பதை அந்த அமைப்பே உணர்த்தியது.

இரண்டாவது காரணம், காட்சியைக் காட்டும் விதம். முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் வெளிச்சம் விழும். மறுபாதி இருளில் கிடக்கும். கெமராவைச் சற்றுச் சரித்து வைத்தால் வீடே சரிந்தது போலத் தோன்றும். கதவு திறக்கும் சத்தம் முதலில் வரும், திறப்பவர் யாரென்பது பிறகுதான் தெரியும். இப்படி ஒளியாலும் ஒலியாலும் ஒருவரைச் சந்தேகிக்க வைக்கலாம். அவர் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை.

1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' தொடர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். அதில் 'விடாது கருப்பு' என்ற கதை இரண்டு காலங்களில் மாறி மாறி நடந்தது, ஒன்று சிறுபிராயம், மற்றது நிகழ்காலம். ஊரார் எல்லாக் கொலைகளையும் தெய்வத்தின் வேலை என்று நம்பினார்கள். கடைசியில் எல்லாம் மனிதக் கையின் வேலையாக முடிந்தது.

இந்தக் கலை மேற்கிலிருந்து வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரத்தோர் இரவுகளில் 'மூன்று ஆப்பிள்கள்' என்றொரு கதை இருக்கிறது. திஜ்லா நதியில் மீனவர் ஒருவரின் வலையில் பூட்டிய பெட்டி சிக்குகிறது. திறந்தால் உள்ளே ஒரு பெண்ணின் உடல். மூன்று நாட்களுக்குள் கொலைகாரனைப் பிடிக்கும்படி கலீபா ஹாரூன் ரஷீத், மந்திரி ஜஃபருக்குக் கட்டளையிடுகிறார். பிறகு கணவனே வந்து நடந்ததைச் சொல்கிறான். நோயுற்ற மனைவிக்காகப் பஸ்ரா வரை போய் மூன்று ஆப்பிள் வாங்கி வந்தவன் அவன். அதில் ஒன்றை ஓர் அடிமையின் கையில் கண்டான். "என் காதலி தந்தாள்" என்று அந்த அடிமை சொன்ன பொய்யை நம்பினான். தீர விசாரிக்காமல் மனைவியைக் கொன்றுவிட்டான். உண்மையில் அந்தப் பழத்தை எடுத்துக்கொண்டு போனது அவர்களுடைய மகன். அவன் கையிலிருந்து அடிமை பறித்தது. அந்த அடிமை யாரென்று தேடினால், ஜஃபரின் சொந்த வீட்டிலேயே இருக்கிறான்!

ஊரெல்லாம் தேடிய ஆள் தன் வீட்டுக்குள் இருந்தான். 2022இல் வெளியான 'சுழல்' தொடரும் இதையே சொல்கிறது. புஷ்கர் - காயத்ரி எழுதிய இந்தத் தொடருக்கு எட்டுப் பகுதிகள். மலைப்பாங்கான ஒரு கற்பனைச் சிற்றூரில் சீமெந்து ஆலை, வேலைநிறுத்தம், தீ. அதே சமயத்தில் ஒரு சிறுமியும் காணாமற் போகிறாள். தோட்டமும் தொழிற்சங்கமும் தெரிந்த நமக்கு அந்தச் சூழல் அந்நியமாகப் படாது. ஒவ்வொரு பகுதியும் சந்தேகத்தைப் புதிய ஆள் மீது திருப்பும். இறுதியில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சிதைத்தவன் வெளியாள் அல்லன், வீட்டோடு ஒட்டிய உறவு.

இனி நம்முடைய ஊவாவுக்கு வருவோம். 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி நாடெங்கும் பரவியது நினைவிருக்கிறதா? உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்றார்கள். அப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில், சந்தேகத்தின் பேரில் கூட்டத்தின் கையால் இருவர் உயிரிழந்தார்கள். அங்கே சாட்சியைச் சோதித்துப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. இருட்டு, வதந்தி, அந்நிய முகம் ஆகிய மூன்றையும் வைத்து ஒரு நாடகத்தை நாமே கட்டினோம். தீர்ப்பையும் நாமே எழுதினோம். நாடகத்தில் தவறான ஆளைப் பிடித்தால் அடுத்த வாரம் விட்டுவிடலாம். அந்த இருவரை யார் திருப்பித் தருவார்?

யூசுஃப் நபியின் வரலாற்றை நாம் ஓதுகிறோமல்லவா? அங்கே குற்றச்சாட்டு எழுந்ததும் சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். முதலில் ஆதாரம், அதன் பிறகே தீர்ப்பு.

சகோதரிகளே! பெட்டியை அணைப்பதும் வைப்பதும் உங்கள் முடிவு. பார்ப்பதாக இருந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். "இவரை நாம் ஏன் சந்தேகித்தோம்? இவர் எதுவும் செய்தாரா, அல்லது அந்த இசைதானா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை கூடச் சரியான பதில் சொல்லும். நாளை சந்தியில் ஒரு வதந்தி வரும்போதும் அந்தப் பிள்ளை இதே கேள்வியைக் கேட்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் ஒரு மாமாவின் பெயரைச் சொல்லி, "அவர் வந்தால் எனக்குப் பயமாயிருக்கு உம்மா" என்றால் அவளை அதட்டி வாயடைக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து முழுவதையும் கேளுங்கள். நாடகத்தில் அந்த உண்மை வெளிவர எட்டுப் பகுதிகள் எடுத்தன. வீட்டில் அது உங்கள் காதுக்கு அன்றிரவே எட்டிவிட வேண்டும்.